அன்னை உம்மு ஸலமா (ரலி): ஹுதைபிய்யாவில் சொன்ன ஓர் ஆலோசனை மட்டும்தானா?

கேள்வி: இளவாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் (கி.பி. 628) மக்காவின் குறைஷியருடன் நடந்த ஹுதைபிய்யா உடன்படிக்கையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். உடன்படிக்கை எழுதி முடிந்த பிறகு, பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடியை மழித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொல்லியும் தோழர்களில் ஒருவரும் எழவில்லை. மனம் நொந்து கூடாரத்துக்குள் வந்த நபியவர்களிடம், "வெளியே செல்லுங்கள், எவரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் உங்கள் ஒட்டகத்தை அறுத்துவிட்டு, நாவிதரை அழைத்து முடியை மழித்துக்கொள்ளுங்கள்" என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் சொன்னார்கள். அவ்வாறே நடந்தது, அதைக் கண்டதும் மக்கள் அனைவரும் எழுந்துவிட்டார்கள்.

இந்த ஹதீஸுக்கான விளக்கவுரையில், "கருத்துச் சொல்லி அது சரியாக அமைந்த பெண் என்று உம்மு ஸலமாவைத் தவிர வேறு எவரையும் நாம் அறியோம்" என்று இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனி அவர்கள் கூறியதாக ஒரு குறிப்பைக் கண்டேன். பாராட்டுப்போலத் தொடங்கும் இச்சொல், ஒருவரை உயர்த்துவதற்காக மற்ற எல்லாப் பெண்களையும் தாழ்த்துவதாக எனக்குப் பட்டது. அதைவிட முக்கியமான ஐயம் ஒன்றும் உண்டு. நமது உரைகளிலும் சிறு நூல்களிலும் அன்னையவர்கள் இந்த ஒரு நிகழ்வுக்காகவே நினைவுகூரப்படுகிறார்கள். மற்றபடி நபியவர்களின் துணைவியர் பட்டியலில் ஒரு பெயராகவே நின்றுவிடுகிறார்கள். அவர்களுடைய வாழ்வும் அவர்கள் விட்டுச்சென்றதும் உண்மையில் அவ்வளவுதானா? அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: ஏடுதேடி

வ அலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் அதே பக்கத்தில் இன்னும் ஒரு வரி படித்திருந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்திருக்கும். ஜுவைனியின் கூற்றை எடுத்தெழுதிய விளக்கவுரையாசிரியர் இப்னு ஹஜர் அவர்கள், "அவர் அவ்வாறு சொல்லியிருக்கிறார்" என்று தமக்கும் அக்கருத்துக்கும் இடையே ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு, மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்துமாறு தம் தந்தையிடம் சொன்ன பெண்ணைக் காட்டிச் சிலர் அதை மறுத்திருப்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அந்த ஆலோசனை 28ஆம் அத்தியாயத்தில் குர்ஆனிலேயே இடம்பெற்றிருக்கிறது. முதல் வஹீ (இறைச்செய்தி) வந்து நடுங்கியபடி வீடு திரும்பிய நபியவர்களைத் தேற்றி, தம் உறவினர் வரகாவிடம் அழைத்துச் சென்ற கதீஜா (ரலி) அவர்களை என் பங்குக்கு நானும் சேர்த்துக்கொள்கிறேன். "பெண்களிடம் ஆலோசனை கேட்டு அதற்கு மாறாக நடந்துகொள்ளுங்கள்" என்று ஹதீஸின் பெயரால் உலவும் வாசகத்துக்கு மூலமே கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஜுவைனியின் கூற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஹுதைபிய்யாவைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆலோசனையைப் பலரும் மனைவி கணவருக்குச் சொன்ன ஆறுதலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே இருந்த ஏறத்தாழ 1,400 பேரும் உம்ரா என்னும் கஅபா யாத்திரைக்காக இஹ்ராம் (பலியும் முடி மழிப்பும் முடிந்த பிறகு களையப்படும் புனிதப் பயண நிலை) அணிந்து வந்தவர்கள். கஅபாவைக் காணாமலேயே இவ்வாண்டு திரும்பிப் போக வேண்டும் என்பதும், மக்காவிலிருந்து முஸ்லிமாக வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் உடன்படிக்கையின் நிபந்தனைகள். கால்விலங்குகளை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்த அபூ ஜன்தலை அவர்கள் கண்முன்னேயே திருப்பி ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவர்கள் எழாமல் இருந்தது கலகம் அல்ல. இந்த முடிவு மாறிவிடக்கூடும், ஒரு வஹீ வந்து எல்லாவற்றையும் திருப்பிவிடக்கூடும் என்ற நம்பிக்கை அவர்களை உட்காரவைத்திருந்தது. நான்காம் முறையாகக் கட்டளையிட்டிருந்தால் அந்தத் தயக்கம் கீழ்ப்படியாமையாக முற்றியிருக்கலாம். நபியவர்களே இஹ்ராமைக் களைந்துவிட்டால் காத்திருப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். பேசாமல் செய்யுங்கள் என்ற சொல்லுக்குள் கூட்டத்தின் மனத்தைப் பற்றிய இவ்வளவு கணிப்பும் அடங்கியிருந்தது. அதன் பிறகு, ஒருவர் தலையை ஒருவர் மழித்துவிடும் அவசரத்தில் துயரத்தால் ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்களோ என்னும் நிலை ஏற்பட்டதாக அறிவிப்பு சொல்கிறது.

இத்தகைய கணிப்பு ஒரு நாளில் வந்துவிடாது. உமர் (ரலி) அவர்கள் நபியவர்களின் குடும்ப விஷயம் குறித்துத் தம் மகளும் நபியவர்களின் துணைவியுமான ஹஃப்ஸாவிடம் கண்டிப்பாகப் பேசிவிட்டு, உறவுமுறையை முன்னிட்டு உம்மு ஸலமாவிடமும் வந்தார்கள். உமரின் தாயார் மக்ஸூம் குலத்தவர். உம்மு ஸலமாவும் அக்குலத்தவரே. "கத்தாபின் மகனே, உம்மைக் கண்டு வியக்கிறேன்! எல்லாவற்றிலும் தலையிட்டு, இப்போது இறைத்தூதருக்கும் அவருடைய மனைவியருக்கும் இடையிலும் நுழையப் பார்க்கிறீரா?" என்ற பொருளில் அவர்கள் கேட்டார்கள். அந்தச் சொல் தம்முடைய கோபத்தில் ஒரு பகுதியை உடைத்துவிட்டதாக உமர் அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். உமரிடம் அந்தத் தொனியில் பேசியவர்கள் மிகச் சிலரே.

உம்மு ஸலமா அவர்களுடைய உண்மையான மரபு அவர்களை நாடிவந்த கேள்விகளில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். கணவன் இறந்த பிறகு குழந்தை பெற்ற பெண்ணின் இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய காலம்) எப்போது முடிகிறது என்பதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும், நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரான (தாபிஈ) அபூ ஸலமா இப்னு அப்துர் ரஹ்மானுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இவர் அதே பெயர் கொண்ட, அன்னையின் முதல் கணவர் அல்லர்). நான்கு மாதம் பத்து நாள், பிரசவம் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதுவே முடிவு என்றார் முன்னவர். பிரசவத்துடன் முடிந்துவிடும் என்றார் பின்னவர். அபூ ஹுரைரா (ரலி) அவர்களும் பின்னவர் பக்கம் நின்றார்கள். குரைப் என்பவரை உம்மு ஸலமாவிடம் அனுப்பினார்கள். ஸுபைஆ என்ற பெண்மணி கணவர் இறந்து சில இரவுகளிலேயே குழந்தை பெற்றதையும், அவர் மறுமணம் செய்துகொள்ள நபியவர்கள் அனுமதித்ததையும் அன்னை எடுத்துச் சொன்னதும் வழக்கு முடிந்தது. இன்றும் இந்தக் கேள்வி எழுந்தால் அறிஞர்கள் முதலில் காட்டுவது இந்த அறிவிப்பையே.

பெருந்துடக்குடன் (தாம்பத்திய உறவுக்குப் பின் குளிக்காத நிலையில்) வைகறையை அடைந்தவருக்கு நோன்பு இல்லை என்று அபூ ஹுரைரா அவர்கள் தீர்ப்புச் சொல்லிவந்தபோதும் அவ்வாறே நடந்தது. ஆயிஷா (ரலி), உம்மு ஸலமா (ரலி) இருவரிடமும் விசாரித்து, நபியவர்கள் அந்நிலையில் நோன்பைத் தொடர்ந்திருக்கிறார்கள் என்ற விடை வந்ததும், "அவ்விருவருமே நன்கு அறிந்தவர்கள்" என்று சொல்லி அபூ ஹுரைரா தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். உம்மு ஸலமா அவர்கள் வழியாக வந்திருக்கும் ஹதீஸ்கள் 378 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நபியவர்களின் துணைவியருள் ஆயிஷாவுக்கு அடுத்த எண்ணிக்கை இது.

மறுமொழி: மக்தப் ஆசிரியை

ஏடுதேடி அவர்கள் விடை சொன்ன உம்மு ஸலமாவைக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு நெருக்கமானவர் கேள்வி கேட்ட உம்மு ஸலமா. அதற்கு அவர்களுடைய ஹிஜ்ரத்திலிருந்து (மார்க்கத்துக்காக நாடு துறந்து சென்றதிலிருந்து) தொடங்க வேண்டும்.

இயற்பெயர் ஹிந்த். தந்தை அபூ உமய்யா, தம்முடன் பயணம் செய்பவர்களுக்கு உணவுச் செலவே வைக்காதவர் என்பதால் "பயணியின் கட்டுச்சோறு" என்ற பட்டப்பெயரைப் பெற்றவர். அபூ ஜஹ்லும் காலித் பின் வலீதும் அன்னைக்குப் பெரியப்பா, சித்தப்பா மக்கள் முறை. இந்தச் செல்வாக்கான வீட்டிலிருந்து, நபியவர்களின் அத்தை மகனான கணவர் அபூ ஸலமாவுடன் அபிசீனியாவுக்குச் சென்றார்கள். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஆற்றிய புகழ்பெற்ற உரை நமக்கு விரிவாக வந்து சேர்ந்திருப்பது இவர்களுடைய அறிவிப்பின் வழியாகத்தான். அந்த உரையை மேற்கோள் காட்டும் எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள்?

பின்னர் மதீனாவுக்குப் புறப்பட்டபோது அவர்களுடைய குலத்தார் வழிமறித்து, "நீ போ, எங்கள் பெண்ணை விடமாட்டோம்" என்று கணவரிடமிருந்து பிரித்தார்கள். அதைக் கேட்டு வெகுண்ட கணவரின் குலத்தார், குழந்தை எங்களுடையது என்று சிறுவன் ஸலமாவைப் பறித்தார்கள். இரு தரப்பும் இழுத்ததில் பிள்ளையின் கை மூட்டிலிருந்து பிசகிவிட்டது. கணவர் மதீனாவில், மகன் ஒரு குலத்தாரிடம், தாய் இன்னொரு குலத்தாரிடம் என்று ஏறத்தாழ ஓர் ஆண்டு கழிந்தது. ஒவ்வொரு காலையும் அப்தஹ் வெளியில் சென்று அமர்ந்து மாலைவரை அழுததாக அவர்களே சொல்கிறார்கள். இறுதியில் உறவினர் ஒருவர் இரங்கிப் பேசியதால் விடுதலை கிடைத்தது. பிள்ளையும் திரும்பக் கிடைத்தது. மகனை மடியில் வைத்துக்கொண்டு, துணைக்கு எவரும் இல்லாமல் ஒட்டகத்தில் புறப்பட்டுவிட்டார்கள்.

மக்காவை அடுத்த தன்யீமில் உஸ்மான் பின் தல்ஹா எதிர்ப்பட்டார். அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. "அல்லாஹ்வையும் இந்தப் பிள்ளையையும் தவிர என்னுடன் எவரும் இல்லை" என்று கேட்டதும், ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு மதீனாவை அடுத்த குபா வரை நடந்தே வந்தார். தங்குமிடம் வந்தால் ஒட்டகத்தை மண்டியிடச் செய்துவிட்டு விலகிப் போவார். அவர்கள் இறங்கிய பின் ஒட்டகத்தைக் கொண்டுபோய் மரத்தில் கட்டிவிட்டு, தாம் வேறொரு மரத்தடியில் படுப்பார். அவரைவிடக் கண்ணியமான வழித்துணையைத் தாம் கண்டதில்லை என்று அன்னை சொல்லியிருக்கிறார்கள். மாற்று நம்பிக்கையில் இருந்தவரைப் பற்றிய இந்தச் சான்றை அவர்கள் ஒளிக்கவில்லை. கஅபாவின் சாவியைக் காத்த குடும்பத்தைச் சேர்ந்த அவர் பின்னாளில் இஸ்லாத்தில் இணைந்தார்.

இப்போது அவர்களுடைய கேள்விக்கு வருகிறேன். "இறைத்தூதரே, ஹிஜ்ரத் விஷயத்தில் அல்லாஹ் பெண்களைக் குறிப்பிடுவதை நான் கேட்கவில்லையே" என்று அவர்கள் கேட்டதாகத் திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. அதற்கு விடையாக இறங்கியதாகச் சொல்லப்படும் 3:195ஆம் வசனம், ஆணாயினும் பெண்ணாயினும் உங்களில் செயல்புரிபவரின் செயலை வீணாக்கமாட்டேன் என்று தொடங்கி, நாடு துறந்தவர்களையும் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களையும் பெயர் சொல்லாமல் சொல்கிறது. மகனின் கை பிசகியதைக் கண்ட தாய் கேட்ட கேள்வி என்று நினைத்துக்கொண்டு அந்த வசனத்தை ஓதிப் பாருங்கள். முஸ்லிமான ஆண்கள், முஸ்லிமான பெண்கள் என்று இணை இணையாகப் பத்துப் பண்புகளை அடுக்கும் 33:35ஆம் வசனமும் அவர்களுடைய கேள்வியை ஒட்டி இறங்கியதாக அறிவிப்பு உண்டு. வேறு பெண்களின் பெயரும் அவ்வசனத்துடன் சேர்த்துச் சொல்லப்படுவதால் அவர்களுக்கு மட்டுமே உரியதாக்குவது சரியாகாது. அந்தக் கேள்வி அன்று பல பெண்களின் மனத்தில் இருந்திருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பணிப்பெண் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், "மக்களே!" என்று நபியவர்கள் மிம்பரிலிருந்து (பள்ளிவாசல் மேடையிலிருந்து) அழைக்கும் குரல் கேட்கிறது. சற்று விலகிக்கொள் என்கிறார்கள் அன்னை. அழைத்தது ஆண்களைத்தானே என்கிறாள் அந்தப் பெண். "நானும் மக்களில் ஒருத்திதான்" என்பது அவர்களுடைய பதில். எங்கள் வகுப்பில் சிறுமிகள் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சிரித்துவிடுவார்கள்.

இளவாசகர்

இருவருக்கும் ஜஸாகல்லாஹு கைர். அன்னையவர்கள் மறைந்த ஆண்டு ஹிஜ்ரி 59 என்று ஓரிடத்திலும், 61 என்று இன்னோரிடத்திலும், 62 என்று மற்றோரிடத்திலும் பார்த்தேன். எதைக் கொள்வது? ஆயிஷா (ரலி) அவர்களின் தரப்பும் கலீஃபா அலீ (ரலி) அவர்களின் தரப்பும் மோதிய ஜமல் போரின் காலத்தில் அவர்களுடைய நிலைப்பாடு என்னவாக இருந்தது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: ஏடுதேடி

59 என்பது வரலாற்றாசிரியர் வாகிதியின் கணக்கு. அபூ ஹுரைரா அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள் என்பதும் அதனுடன் சேர்ந்து வருகிறது. கஅபாவை நோக்கி வரும் ஒரு படை பூமிக்குள் விழுங்கப்படும் என்ற ஹதீஸைக் குறித்து இருவர் அன்னையிடம் சென்று கேட்டதாக ஸஹீஹ் முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பில் ஓர் அறிவிப்பு உள்ளது. அது இப்னு ஸுபைரின் நாள்களில் நடந்தது என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் மக்காவில் நின்று எதிர்க்கத் தொடங்கியது, முஆவியா (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 60இல் மறைந்து யஸீத் ஆட்சிக்கு வந்த பிறகுதான். அத்துடன், ஹிஜ்ரி 61 முஹர்ரமில் கர்பலாவில் ஹுஸைன் (ரலி) அவர்கள் கொல்லப்பட்ட செய்தி எட்டி அன்னையவர்கள் துயருற்றதாகவும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஆகவே 61க்குப் பிந்திய கணக்கே வலுவானது என்பது என் முடிவு. அபூ ஹுரைரா அதற்கு முன்பே மறைந்துவிட்டதால் அவர் தொழுவித்தார் என்பதும் நிற்காது. நபியவர்களின் துணைவியருள் இறுதியாக மறைந்தவர் அவர்களே. அடக்கத்தலம் ஜன்னத்துல் பகீ.

ஹிஜ்ரி 36இல் ஆயிஷா அவர்கள் பஸ்ராவுக்குப் புறப்பட்டபோது உம்மு ஸலமா உடன் செல்லவில்லை என்பதும், அப்பயணம் வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார்கள் என்பதும் வரலாற்று நூல்களில் வருகின்றன. அவர்கள் எழுதியதாகக் காட்டப்படும் நீண்ட கடிதங்களின் அலங்கார நடை பிற்காலத்தவரின் கைவண்ணம் போலத் தோன்றுவதால், சொல்லுக்குச் சொல் அவற்றை மேற்கோளாக்க நான் தயங்குவேன். அன்னையின் மகன் உமர், அலீ (ரலி) அவர்களின் பக்கம் நின்றார். பின்னர் அலீ அவர்கள் அவரைப் பஹ்ரைனின் ஆளுநராகவும் அமர்த்தினார்கள். போர்வைக்குள் அலீ, ஃபாத்திமா, ஹஸன், ஹுஸைன் ஆகியோரை அணைத்துக்கொண்டு நபியவர்கள் பிரார்த்தித்த நிகழ்வின் முதன்மையான அறிவிப்பாளர்களில் ஒருவர் அன்னையே. அந்நிகழ்வின் பொருளில் ஸுன்னிகளும் ஷியாக்களும் வேறுபட்டாலும், அதைச் சொன்னவர் மீது இரு தரப்பும் ஒரே மதிப்பு வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுமொழி: தாமதமாக வந்தவர்

உரையாடல் முழுவதையும் படித்தேன். ஒரு சிறு மறுப்பு. ஆலோசகர், தீர்ப்புச் சொன்னவர் என்று அடுக்கும்போது நான்கு பிள்ளைகளை வளர்த்த கைம்பெண் மறைந்துவிடுகிறார். உஹுத் போரில் பட்ட காயம் மீண்டும் வாய்திறந்து ஹிஜ்ரி 4இல் அபூ ஸலமா மறைந்தார். துன்பம் நேர்ந்தால், இதைவிடச் சிறந்ததை எனக்குப் பகரமாகத் தருவாயாக என்று இறைஞ்சும்படி நபியவர்கள் கற்றுத்தந்ததை அன்னை சொன்னார்கள், ஆனால் "அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் எவர் இருக்க முடியும்?" என்று உள்ளுக்குள் நினைத்ததையும் மறைக்காமல் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். நபியவர்கள் பெண் கேட்டபோதும் உடனே இசைந்துவிடவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, நான் ரோஷக்காரி, எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மூன்று தடைகளை முன்வைத்தார்கள். வயது எனக்கும் ஆகிவிட்டது, ரோஷத்தை அல்லாஹ் அகற்றுவான், பிள்ளைகள் அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் உரியவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் விடை வந்த பிறகே திருமணம் நடந்தது.

அதற்குப் பிறகும், அபூ ஸலமாவின் பிள்ளைகளுக்குச் செலவு செய்தால் எனக்கு நற்கூலி உண்டா என்று கேட்டவர், "அவர்களை இப்படியும் அப்படியுமாக விட்டுவிட என்னால் முடியாது, அவர்கள் என் பிள்ளைகளும்தாமே" என்று சேர்த்துச் சொன்னார்கள். உண்டு என்றார்கள் நபியவர்கள். மகள் ஸைனப் பின்னாளில் மதீனாவின் மார்க்கச் சட்ட அறிஞர்களில் ஒருவராக எண்ணப்பட்டார். மேலே குறிப்பிடப்பட்ட மகன் உமர், சிறுவனாக நபியவர்களின் மடியில் வளர்ந்தபோது, உண்ணும் தட்டில் தம் கை இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருந்ததைத் தாமே நினைவுகூர்கிறார். "சிறுவனே, அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலக்கையால் உண், உனக்கு அருகில் இருப்பதிலிருந்து உண்" என்று நபியவர்கள் அவருக்குச் சொன்னார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் முதலில் மனனம் செய்விக்கும் ஹதீஸ்களில் ஒன்று அது. அந்தத் தட்டு உம்மு ஸலமாவின் மகன் உண்ட தட்டு.